டெல்லி பல்கலை. நீக்கிய 'முந்நூறு ராமாயணங்கள்': அப்படி என்னதான் எழுதினார் ஏ.கே.ராமானுஜன்?

இந்தக் கட்டுரைக்கு எதிராக 2008-ல் நடந்த போராட்டத்தில் டெல்லி பல்கலைக்கழக வரலாற்றுத் துறை அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. நீதிமன்ற உத்தரவால் அமைந்த நிபுணர் குழுவில் 4 பேரில் 3 பேர் 'இருக்கட்டும்' என்றார்கள். ஆனாலும் 2011 அக்டோபரில் பி.ஏ. வரலாற்றுப் பாடத்திலிருந்து தூக்கிவிட்டார்கள்.

ஒரு வாதத்தை எப்படி எழுதுவது என்பதற்கு அது நல்ல பாடம். 'ராமாயணங்கள் பல' என்று சும்மா அடித்துச் சொல்லவில்லை. அகலிகை கதையில் வால்மீகியையும் கம்பரையும் அருகருகே வைக்கிறார். வால்மீகியில் அவள் யார் கண்ணுக்கும் படாமல் கிடக்கிறாள், கம்பரில் கல்லாகிறாள். நம்மூரில் பலருக்கும் தெரிந்தது அந்தக் கல்தான்! சமண ராமாயணத்திலோ ராவணனைக் கொல்வது லட்சுமணன்.

இங்கே மாணவர் மடக்கலாம்: வால்மீகிதான் மூலம், மற்றவை தழுவல் என்று ஏன் சொல்லக்கூடாது? அவர் காட்டும் 5 உதாரணம் போதுமா? பதில் எழுத வேண்டுமென்றால் கம்பரையும் வால்மீகியையும் திறந்துதான் ஆக வேண்டும்.