பேய் வீடும் தாய்ப்பத்திரமும்

குறைந்த செலவில் எடுத்த தமிழ்ப் பேய் வீட்டுப் படங்கள் பெரும்பாலும் ஏமாற்றியதற்குப் பணத் தட்டுப்பாட்டையே காரணம் சொல்வார்கள். ஒரு பங்களா, ஐந்தாறு நடிகர்கள், இரவுப் படப்பிடிப்பு என்று சிக்கனமாக முடிந்துவிடும் என்பதால்தான் 2014 முதல் 2016 வரை இவை குவிந்தன; அதை மறுக்கவில்லை. ஆனால் கார்த்திக் சுப்புராஜின் முதல் படமான 'பீட்சா'வும் (2012) சிறு முதலீட்டுப் படம்தான். அரங்கையே நடுங்க வைத்தது. குறை வேறிடத்தில் இருக்கிறது. வீடு யார் நிலத்தில் நிற்கிறது, யாரை அப்புறப்படுத்திவிட்டு நிற்கிறது என்ற கேள்வியைக் கதை கைவிட்டதும் பேய் வெறும் சத்தமாகிவிட்டது.

ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' வந்தது 1963இல். ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறி அப்போது பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. ஏழைப் பெண்ணை மகன் காதலிப்பதைப் பொறுக்காத ஜமீன்தாரின் கொடுமையை நேரில் அறிந்தவர்கள் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் அதே மாளிகையைக் காட்டினால் யார் அஞ்சுவார்கள்? இன்று இப்படங்களைப் பார்க்கும் சென்னைப் புறநகர் அம்பத்தூர், ஆவடிக் குடும்பங்கள் டிஐ சைக்கிள்ஸுக்கும் தொழிற்பேட்டைக்கும் டாங்கித் தொழிற்சாலைக்கும் வேலைக்கு வந்து, சேமித்து, மனை வாங்கியவை. வில்லங்கம், போலிப் பத்திரம், ஏரிப் புறம்போக்கு ஆகியவையே அவர்கள் தூக்கத்தைக் கெடுப்பவை. பக்கத்து முகப்பேரில் ஏரி இருந்த இடத்திலேயே ஏரித் திட்டம் என்று குடியிருப்பு எழுந்தது. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 2015 டிசம்பரில் விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்தபோது, அடையாற்றங்கரை வீடுகளில் கழுத்தளவு வெள்ளம். பேய்ப்பட அலை உச்சத்தில் இருந்த ஆண்டும் அதுதான். 'யாவரும் நலம்' (2009) இந்த அச்சத்தை முன்பே தொட்டிருந்தது: புதிதாக வாங்கிய அடுக்குமாடி வீடு, அதே இடத்தில் முன்பு கொலையுண்ட ஒரு குடும்பம். பூஜையறையும் தொலைக்காட்சியும் உள்ள சாதாரண வீடு அது. அதனால்தான் பயம் ஒட்டிக்கொண்டது.

ரசிகர்கள் சிரிக்கத்தானே வந்தார்கள், அவர்களிடம் நிலத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். சிரிப்புப் பேய்ப்படங்களுக்கு வழிகாட்டிய 'காஞ்சனா'வே (2011) அதற்குப் பதில். ராகவா லாரன்ஸ் அதில் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிறார். ஆனால் திருநங்கை காஞ்சனா கொல்லப்படுவது, ஏழைகளுக்கு மருத்துவமனை கட்ட அவள் வாங்கிய நிலத்தை ஒரு எம்.எல்.ஏ. பறித்துக்கொண்டதைத் தட்டிக்கேட்டதால். முற்பாதியில் சிரித்த அதே கூட்டம் காஞ்சனாவாகச் சரத்குமார் வரும் காட்சிகளில் கண் கலங்கியது. பின்வந்த மலிவுப் படங்கள் அவளுடைய சிவப்புச் சேலையை மட்டும் நகலெடுத்தன.