பாடத்துக்கு முன் ஒரு பாடம்: ஞாயிறு பாடசாலை ஆசிரியைகளின் ஆயத்தம் பற்றிய வரலாற்றுப் பார்வை

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு ஒரு வைத்தியரிடம் கட்டுரை கேட்டால், நீரிழிவு பற்றியோ உயர் குருதியமுக்கம் பற்றியோ எழுதுவார் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். நான் எழுத விரும்புவது வேறொன்றைப் பற்றி. நம்மில் பலர் மாணவிகளாக இருந்த காலத்திலும் அதன் பின்னரும் செய்துவந்த, எந்தப் பரிசளிப்பு விழா அறிக்கையிலும் இடம்பெறாத ஒரு பணி உண்டு. ஞாயிறு காலையில் ஆலயத்தில் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக் கொடுப்பதே அது.

பாடம் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அதற்கான ஆயத்தமோ கிழமை முழுவதும் நடக்கும். வேதப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது, அதில் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய ஒரே ஒரு கருத்தைத் தெரிவு செய்வது, கதையைப் பேச்சுத் தமிழில் சொல்லிப் பார்ப்பது, படம் வரைவது, பாட்டுத் தேடுவது என்று வேலை நீளும். இந்த ஆயத்தத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு நமது கரையோரங்களோடு நெருங்கிய தொடர்புடையது. அறநெறிப் பாடசாலையில் கற்பித்த தோழியரும் மத்ரசாவில் கற்பித்த தோழியரும் இதில் தங்கள் அனுபவத்தையும் காண்பார்கள் என்று நம்புகிறேன்.

மணியும் மனனமும்

1542இல் தமிழகத்தின் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்த ஊரவர்களின் துணையோடு விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், பத்துக் கட்டளைகள் முதலியவற்றைத் தமிழாக்கி, அவற்றை முதலில் தாமே மனனம் செய்தார். பின்னர் கையில் மணியுடன் ஊரூராக நடந்து பிள்ளைகளைக் கூட்டி, வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக் கொடுத்தார். கற்றதைப் பெற்றாருக்கும் அயலவருக்கும் சொல்லுமாறு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியதாக 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார்.

அந்த முதல் தமிழாக்கத்தில் ஒரு குறை இருந்தது. 'விசுவசிக்கிறேன்' என்ற பொருள் வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் இடம்பெற்றிருந்தது. அதைக் கண்ட சவேரியார், சொல்லை மாற்றும்படி தமது உடன் ஊழியரான மன்சிலாசுக்கு எழுதினார். வகுப்புக்குப் போகுமுன் சொல் சரியா என்று பார்க்க வேண்டும் என்ற விதிக்கு இதைவிடப் பழைய தமிழ் உதாரணத்தை நான் அறியேன்.

வினாவும் விடையும்

சவேரியாருக்குப் பின் வந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழை முறையாகக் கற்றார். 1578இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்கள் கொண்டது. தமிழில் அச்சான பழைய நூல்களுள் இன்று நமக்குக் கிடைப்பவற்றில் அதற்கு முக்கிய இடமுண்டு. அடுத்த ஆண்டு கொச்சியில் வெளிவந்த 'கிரிசித்தியானி வணக்கம்' நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. சிறுவருக்கென்று போர்த்துக்கேய மொழியில் மார்க்கோஸ் ஜோர்ஜ் எழுதிய வினாவிடை நூலின் தமிழாக்கம் அது. தமிழ் அச்சுக்கலையின் தொடக்க நூல்களுள் ஒன்று, பிள்ளைகளுக்கு வேதம் கற்பிப்பவரின் கைநூலாக இருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

வினாவிடை முறை ஆசிரியரின் சுமையைக் குறைத்தது. கேள்வியும் அச்சில் இருந்தது, பதிலும் அச்சில் இருந்தது. ஆனால் அதில் ஓர் ஆபத்தும் இருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்திலும் ஏனைய கரையோரங்களிலும் பாடசாலைகள் ஒழுங்காக நடந்தன. பிள்ளைகளை அனுப்பாத பெற்றாருக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. வினாவிடை ஒப்புவித்தவர்களின் தொகை பெருந்தொகையாக ஏட்டில் பதியப்பட்டது. ஆங்கிலேயர் வந்து அந்த நிர்ப்பந்தம் நீங்கியதும் அத்தொகை வெகுவாகக் கரைந்து போனது. நாக்கு கற்றது, மனம் கற்கவில்லை.

நமது ஊரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தார்கள். அதன் கற்கள் கோட்டைக்குப் போயின. அன்பைப் போதிக்கும் வேதத்தைத் திருகோணமலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறவர் இதையும் அறிந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கோயிலை இகழாத வேதபாடமே இந்த ஊருக்குப் பொருந்தும்.

வினாவிடை வடிவம் ஒரு சமயத்தோடு நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவலிடம் படித்து, அவரது வேதாகம மொழிபெயர்ப்புக்கும் உதவிய ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாலபாடங்களையும் சைவ வினாவிடையையும் எழுதினார். தெற்கில் 1881இல் கேணல் ஒல்கொட்டின் பௌத்த வினாவிடை வெளிவந்தது. சிறு பிள்ளைக்கு எதை, எந்த ஒழுங்கில் சொல்வது என்று உட்கார்ந்து யோசிக்கும் வேலையை இலங்கையின் சமயங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டன.

ஞாயிறு பாடசாலை

இன்று நாம் அறிந்த ஞாயிறு பாடசாலை, இங்கிலாந்தின் குளொஸ்ரர் நகரில் 1780இல் றொபேர்ட் றெய்க்ஸ் தொடங்கிய முயற்சியிலிருந்து பரவியது. கிழமையில் ஆறு நாளும் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கக் கிடைத்த ஒரே நாள் ஞாயிறு. ஆரம்பத்தில் கற்பித்த பெண்களுக்குச் சிறு கூலி கொடுக்கப்பட்டது. இயக்கம் வளர்ந்தபோது கற்பிப்பது சம்பளமில்லாத தொண்டாக மாறியது. தொண்டர்கள் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அல்லர். ஆகவே அவர்களை யார் ஆயத்தப்படுத்துவது என்ற கேள்வியும் கூடவே எழுந்தது.

1814 ஜூன் 29இல் வெஸ்லியன் மிஷனரிமார் காலியில் வந்திறங்கினர். அவர்களுள் வில்லியம் ஓல்ற் மட்டக்களப்புக்குச் சென்று பாடசாலைகளை ஆரம்பித்து, ஓராண்டு நிறையுமுன்னரே 1815இல் அங்கு காலமானார். அடுத்துவந்த காலத்தில் திருகோணமலையும் அந்த மிஷனின் ஒரு நிலையமாயிற்று. கத்தோலிக்கத் திருச்சபையைப் பொறுத்தவரை 1893இல் திருகோணமலை தனி மறைமாவட்டமாயிற்று. துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்களோடு பல தேசத்தவர் வந்து போனார்கள். ஆனால் பிள்ளைகளின் வகுப்புகள் நிலைத்தது ஊர்ப் பெண்களின் உழைப்பால்தான்.

அந்தப் பெண்கள் உருவான விதத்தை உடுவில் காட்டுகிறது. 1824இல் ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் அங்கே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை ஆரம்பித்தார். 1840இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், தாய்நாடு திரும்பாமலே, அங்கு பணி செய்தார். அங்கு படித்து வெளியேறிய பெண்கள் ஆசிரியைகளாகவும் குடும்பத் தலைவிகளாகவும் குடாநாடெங்கும் பரவினர். பெண் பிள்ளை எழுத்துப் படிப்பதே அபூர்வமாயிருந்த காலத்தில், மற்றவருக்குச் சொல்லிக் கொடுப்பதற்காகத் தான் முதலில் படிப்பது ஒரு பெரிய திறப்பாக அமைந்தது. பாடசாலை ஆசிரியைத் தொழில் நம் பெண்களுக்கு எட்டாதிருந்த வேளையில் ஞாயிறு வகுப்பு அவர்களின் முதற் கரும்பலகை ஆயிற்று.

1872இல் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரில் கூடிய மாநாடு, எல்லா ஞாயிறு பாடசாலைகளுக்கும் ஒரே பாட ஒழுங்கை ஏற்றுக்கொண்டது. 1873 முதல் பல நாடுகளில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒரே வேதப் பகுதி கற்பிக்கப்பட்டது. 1876இல் அலகாபாத்தில் இந்திய ஞாயிறு பாடசாலைச் சங்கம் அமைந்தது. எல்லோருக்கும் ஒரே பாடம் என்பதால், கிழமை நாளில் ஆசிரியர்கள் ஒன்றுகூடி வரும் ஞாயிற்றின் பாடத்தைத் தங்களுக்குள் படித்துப் பார்க்க முடிந்தது. நாம் 'ஆயத்த வகுப்பு' என்று சொல்வது வேரூன்றியது இப்படித்தான்.

பிள்ளையின் வயது

ஒரே பாட ஒழுங்கில் ஒரு குறை இருந்தது. தாத்தாவுக்கும் ஐந்து வயதுப் பேரனுக்கும் ஒரே பகுதி. சிறு பிள்ளைகளோடு பழகிய ஆசிரியைகள் இது சரிவராது என்று வற்புறுத்தி வந்தனர். 1908இல் வயதுக்கேற்ற பாட ஒழுங்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1964இல் இங்கிலாந்தின் ரொனால்ட் கோல்ட்மன், வேதக் கதைகளைப் பிள்ளைகள் எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்து எழுதினார். நாம் உவமையாகச் சொல்வதைச் சிறு பிள்ளை உள்ளபடியே எடுத்துக்கொள்கிறது என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று.

இதை நமது ஊர் உதாரணத்தால் விளக்கலாம். கலிலேயாக் கடல் என்று சொன்னதும் நமது பிள்ளைக்குக் கொட்டியாரக் குடா நினைவுக்கு வரும், கரைவலை நினைவுக்கு வரும். உண்மையில் அது ஒரு நன்னீர் ஏரி. நீளம் ஏறத்தாழ 21 கிலோமீற்றர்தான். கந்தளாய்க் குளத்தைப் போலப் பல மடங்கு பெரிதான, சுற்றிலும் மேட்டு நிலமுள்ள, திடீரென்று காற்றெழும்பும் ஒரு குளம் என்றால் பிள்ளைக்கு விளங்கும். இந்த ஒரு வாக்கியத்துக்காக ஆசிரியை ஒரு வரைபடத்தைத் தேடிப் பார்த்திருக்க வேண்டும்.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தோடு உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. சமயம் பாடத்திட்டத்தில் ஒரு பாடமாக, பரீட்சைக்குரியதாக இருந்தது. ஆனால் பள்ளிக்கூடம் தொடங்காத மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளின் பொறுப்பு ஆலயத்திடமே இருந்தது. பிறகு யுத்த காலம் வந்தது. இடம்பெயர்ந்த இடங்களிலும் பாயை விரித்து வகுப்பு வைத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

கடலைப் பற்றிய பாடங்கள்

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு அடுத்த நாள். கடல் நமது மாவட்டக் கரைகளுக்குள் புகுந்தது. கிண்ணியாவில் வைத்தியசாலையும் அலைக்குத் தப்பவில்லை. அடுத்து வந்த மாதங்களில் கிழக்குக் கரையின் ஆசிரியைகள் முன் ஒரு கேள்வி நின்றது: நோவாவின் வெள்ளத்தை இந்தப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

இங்கே வைத்தியராக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை, நடந்த தீமைக்குத் தானே காரணம் என்று இலகுவில் நினைத்துவிடும். 'கெட்டவர்களை வெள்ளம் அழித்தது' என்று ஆசிரியை சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். தம்பியைக் கடலுக்குக் கொடுத்த பிள்ளை, தம்பி கெட்டவனா, முதல் நாள் அவனோடு சண்டை போட்ட நான் கெட்டவளா என்று யோசிக்கும். அதை வாய்விட்டுக் கேட்காது. இரவில் படுக்கையை நனைக்கும், வயிற்றுவலி என்று வைத்தியசாலைக்கு வரும். ஆகவே ஆயத்தத்தின் முதற் கேள்வி 'இன்றைய பகுதி எது' என்பதல்ல, 'பாயில் யார் இருக்கப் போகிறார்கள்' என்பதே. அந்தப் பாடத்தைச் சில மாதம் தள்ளி வைக்கலாம். சொல்லும்போது, கடலில் போனவர்கள் தண்டிக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதைத் தெளிவாக, எளிய சொல்லில் சொல்லலாம். பிள்ளை படம் கீற விரும்பினால் கீற விடலாம், பேச விரும்பாவிட்டால் வற்புறுத்தாமல் விடலாம். இவற்றில் எதற்கும் மருந்துச் சீட்டுத் தேவையில்லை. கிழமை தவறாமல் அதே இடத்தில், அதே பாட்டுடன், அதே முகத்துடன் வகுப்பு நடப்பதே பிள்ளைக்கு ஒரு சிகிச்சை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. மரித்தவர்களில் பல பிள்ளைகள் அன்றைய ஞாயிறு வகுப்பை முடித்துவிட்டு வெளியே நின்றவர்கள். அதற்குப் பிறகும் கிழக்கில் ஞாயிறு வகுப்புகள் தொடர்கின்றன. அந்தக் கிழமைகளில் ஆசிரியைகள் செய்த ஆயத்தத்தை எந்தக் கைநூலும் சொல்லித் தந்திருக்காது. பயத்தை ஒளிக்காமலும், வேறொரு சமயத்தவர் மீது வெறுப்பை ஊட்டாமலும் நாலு வயதுப் பிள்ளையின் முன் உட்கார வேண்டியிருந்தது.

மணியோடு நடந்தவர் தாம் சொல்லப்போவதை முதலில் மனனம் செய்தார். வினாவிடை எழுதியவர்கள் அதை ஒழுங்குபடுத்தினார்கள். ஆயத்த வகுப்பு நடத்தியவர்கள் ஒன்றுசேர்ந்து படித்தார்கள். இந்நாள் ஆசிரியை இவை அனைத்தோடு பிள்ளையையும் படிக்கிறாள். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளில் ஆயத்தத்தின் பொருள் இவ்வாறு விரிந்திருக்கிறது.

அன்புத் தோழியரே, கனடாவிலோ, இலண்டனிலோ, அவுஸ்திரேலியாவிலோ, உவர்மலையிலோ உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய பாடக்குறிப்புக் கொப்பி ஒன்று கிடக்கக்கூடும். ஒட்டிய படமும், ஓரத்தில் பிள்ளைகளின் பெயர்களும் அதில் இருக்கும். தயவுசெய்து அதை எறிந்துவிட வேண்டாம். படம் பிடித்தோ பிரதியெடுத்தோ நமது சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். நம் பெண்கள் இந்த ஊரின் பிள்ளைகளுக்காக எவ்வளவு யோசித்தார்கள் என்பதற்கு அவற்றைத் தவிர வேறு சான்று அதிகமில்லை.