வாரோசுக் கல்வெட்டு: ஐந்நூற்றுவர் தனித்து நின்றார்களா?

சுமத்திராவின் மேற்குக் கரையில், பாரூசுக்கு (கல்வெட்டின் வாரோசு) அருகே லோபு துவாவில் 1873இல் கிடைத்த தமிழ்க் கல்வெட்டை ஆய்வுலகின் பார்வைக்கு விரிவாகக் கொண்டுவந்தவர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் (1932). அக்கல்லை நட்ட திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் அரசியல் எல்லைகளை ஏறக்குறையப் பொருட்படுத்தாத, தன்னாட்சி கொண்ட வணிகப் பேரமைப்பினர் என்பது அவர் கருத்து. தன்னாட்சி இருந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் எல்லையைப் பொருட்படுத்தாதவர்கள் அயல் மண்ணில் இப்படியொரு கல்லை நட வேண்டிய தேவை என்ன? சாஸ்திரியார் இக்கேள்வியை எழுப்பவில்லை. அவர் கையாண்ட வாசகம் குறையுடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னாளில் எ. சுப்பராயலு தந்த விரிவான வாசகத்தையே இங்குப் பின்பற்றுகிறேன்.

மாதங்கரி வல்லவ தேசி உய்யக்கொண்ட பட்டினம் எனப்பட்ட வாரோசின் வேளாபுரத்தில் ஐந்நூற்றுவர் கூடுகிறார்கள். வந்து சேரும் மரக்கலத் தலைவர்களும் கேவிகளும் கஸ்தூரி விலைப்படி ‘அஞ்சு துண்டாயம்’ பொன் செலுத்திய பிறகே பாவாடை ஏற வேண்டும் என்று விதிக்கிறார்கள். நகர சேனாபதி நாட்டுச் செட்டியார், பதினெண்பூமி தேசி அப்பர், மாவெத்துகள் ஆகியோரை முன்னிட்டே இந்த ஏற்பாடு. ‘நகர சேனாபதி’ என்ற பட்டத்தை மட்டும் பார்த்தால் சாஸ்திரியார் பக்கம் சாயத் தோன்றும். என் கண் நிற்பது மாவெத்துகள் மீது. இவர்களை யானைப்பாகர் என்று கொள்வது பொருந்துமானால், பருவக்காற்றோடு வந்து பருவக்காற்றோடு திரும்பும் கப்பல்காரர்கள் அல்லர் இவர்கள். காட்டையும் உள்நாட்டு வழியையும் அறிந்து அங்கேயே தங்கியவர்கள். பட்டினத்தின் பெயரிலேயே யானை இருப்பது தற்செயலாகத் தெரியவில்லை.

கல்லில் எஞ்சியுள்ள பகுதியில் கற்பூரம் பற்றிப் பேச்சே இல்லை. வாரோசின் புகழே கற்பூரம்தான்; சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் அடுக்கும் கற்பூர வகைகளில் வாறோசும் ஒன்று. அப்படியிருக்க, கட்டணத்துக்கு அளவுகோலானது சுமத்திராவில் விளையாத கஸ்தூரி. ஐந்நூற்றுவரின் ஆணை கடல்வழி வரும் கலங்கள் மீது மட்டுமே செல்லுபடியானது, கற்பூர மரங்கள் நின்ற உள்நாட்டுக் காடு அங்குள்ள மக்களின் பிடியில் இருந்தது, அவர்களோடு உடன்பாடு இல்லாமல் ஒரு பலம் கற்பூரமும் துறைக்கு வந்திராது என்றே கொள்கிறேன். மௌனத்திலிருந்து வாதம் செய்வது பலவீனமானதுதான். ஆனால் சாஸ்திரியாரின் முடிவும் உள்ளூர் அரசனைப் பற்றிக் கல் காக்கும் மௌனத்தின் மீதே நிற்கிறது. இரண்டு மௌனங்களில் பொருளியல் நடைமுறையோடு ஒத்துப்போவதையே தேர்கிறேன். காரோ பத்தாக்கு மக்களின் செம்பிரிங் குலத்தில் சோழியா, பாண்டியா, பெலாவி போன்ற கிளைகள் இருப்பதைச் சிலர் உள்நாட்டு மக்களோடு இருந்த உறவுக்குச் சான்றாகக் காட்டுவர். அப்பெயர்களுக்குக் காலம் கணிக்க முடியாததால் அவற்றை நான் நம்பியிருக்கவில்லை.

மறுகரையான சோழநாட்டில் இத்தகைய உள்ளூர் உறவுக்குச் சான்று இன்னும் தெளிவு. முதலாம் இராசேந்திரன் காலத்தில் நாகப்பட்டினம் காரோணத்துக் கோயிலுக்குச் சீனக்கனகம் அளித்தவர் கடாரத்தரசரின் கன்மி (அலுவலர்) ஸ்ரீகுருத்தன் கேசுவன். கடாரத்தரசர் சோழநாட்டில் தம் காரியத்தை இத்தகைய கன்மிகள் வழியாக, உள்ளூர்க் கோயிலோடு உறவு வைத்தே நடத்தினார். 1025ஆம் ஆண்டில் சோழர் கடாரத்தின் மீது நடத்திய படையெடுப்பும் அந்த உறவை நிலையாக அறுத்துவிடவில்லை. 1090இல் கடாரத்துத் தூதர் இருவர் வேண்டியபடி முதலாம் குலோத்துங்கன் நாகை விகாரத்தின் ஊர்களுக்கு வரிச்சலுகை தந்ததைச் சிறிய லெய்டன் செப்பேடு சொல்கிறது. வாரோசுக் கல்லுக்கும் இதற்கும் இடைவெளி ஓரிரண்டு ஆண்டுகளே. தொடர்பு உண்டா என்பதற்கு நேரடிச் சான்று இல்லை.

அந்த ஓரிரண்டும் உறுதியில்லை. கல்லில் உள்ளது சகம் 1010, மாசி. நடப்பு ஆண்டாகக் கணக்கிட்டால் 1088, கழிந்த ஆண்டாகக் கொண்டால் 1089. வழக்கமாக 1088 என்றே எழுதுகிறோம்; அதற்கு மேல் இக்கல்லைக் கொண்டு தீர்க்க இயலாது. எந்த ஆண்டாயினும் கல் அவ்வூரின் இறுதிக் காலத்தைச் சேர்ந்தது: பிரெஞ்சு - இந்தோனேசிய அகழாய்வின்படி லோபு துவா 9ஆம் நூற்றாண்டின் நடுவில் தோன்றி, 11ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 12இன் தொடக்கத்திலோ கைவிடப்பட்டது.