மதராசுப் பெயரும் மத்ரா குடும்பமும்: ஒரு மறுபரிசீலனை

அனகாபுத்தூரைக் கடக்கும் அடையாறு மணப்பாக்கம், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை வழியே ஓடிச் சாந்தோமுக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. அந்தக் கழிமுகத்தை ஒட்டி 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் குடியேறினர். அவர்களுள் செல்வாக்கு மிக்க மதேரோசு என்ற குடும்பத்தின் பெயரே ‘மதராஸ்’ ஆயிற்று என்பது இன்றும் எழுதப்பட்டு வரும் கருத்து. மத்ரா, மதேரா என்றும் இக்குடும்பப் பெயர் வழங்கியிருக்கிறது. இக்கருத்து ஏற்கத்தக்கதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கருத்துக்கு வலுவூட்டியது ஒரு கல்லறைக் கல். 1927இல் சாந்தோம் பகுதியில் தேவாலயப் பணிக்காக அடித்தளம் தோண்டியபோது அது வெளிப்பட்டது. வின்சென்டே மத்ராவுக்கும் லூசி பிராக்குக்கும் மகனான மானுவேல் மத்ராவும் அவன் தாயும் அங்கே அடக்கமாயினர் என்பதும், அவர்கள் சொந்தச் செலவில் 1637இல் கோயில் கட்டினர் என்பதும் அதிலுள்ள செய்தி. ஆங்கிலேயருக்கு நிலம் கிடைத்த 1639க்கு இரண்டாண்டு முந்தியது அது. காலமும் ஒலியும் பொருந்தியதால் பலர் மேலும் ஆராயாமல் ஏற்றனர்.

அந்தக் கல் சொல்வதோ குடும்பத்தின் செல்வத்தையும் பக்தியையும் மட்டுமே. ஓர் ஊருக்குப் பெயர் தந்ததைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நில அமைப்பும் இக்கருத்துக்கு எதிராகவே நிற்கிறது. குடும்பம் வாழ்ந்தது அடையாற்று முகத்தை ஒட்டி. ஆங்கிலேயர் சார்பில் பிரான்சிஸ் டே பெற்ற மதராசுப்பட்டணமோ கூவத்தின் முகத்துக்கு வடக்கே, ஏறக்குறைய 5 கிலோமீட்டர் அப்பால். ஒரு குடும்பம் தான் வாழ்ந்த இடத்துக்குப் பெயர் தராமல், இடையில் ஓர் ஆற்றைத் தாண்டிய மீனவக் கிராமத்துக்கு மட்டும் பெயர் தந்தது என்றால், அங்கே அதற்கு நிலமோ அதிகாரமோ இருந்ததைக் காட்ட வேண்டும். கருத்தை முன்மொழிந்தோர் அதைக் காட்டவில்லை.

முடிவான சான்று கிருஷ்ணகிரி மாவட்டம் பெண்ணேசுவரமடத்துக் கல்வெட்டு. விஜயநகர இளவரசர் குமார கம்பணரின் காலத்தது; ஆண்டு 1367. கீழைக் கடற்கரையின் பிற துறைமுகங்களோடு ‘மாதரசன்பட்டணம்’ அதில் இடம்பெறுகிறது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498இல். போர்த்துக்கேயர் வருவதற்கு 131 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் ஏறிய பெயரை அவர்கள் குடும்பம் ஒன்றிலிருந்து வருவிக்க வழியில்லை. அத்துறைமுகம் இராயபுரம் பகுதியாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. இடம் சற்று முன்பின் ஆனாலும், பெயர் இந்தக் கரைக்குப் பழையது என்பது மாறாது.

இதே கல்வெட்டு இன்னொரு கதையையும் தள்ளிவிடுகிறது. ஆங்கிலேயர் கோட்டை கட்ட விரும்பிய இடத்தில் வாழைத் தோட்டம் வைத்திருந்த மாதரசன் என்ற மீனவத் தலைவர் அதை விட்டுத்தர மறுத்தார். ஊருக்கு அவர் பெயரையே இடுவதாகத் ஆங்கிலேயரின் துபாஷியான (மொழிபெயர்ப்பாளர்) பேரி திம்மப்பா வாக்களித்து இணங்க வைத்தார் என்பது அக்கதை. 1639இல் நடந்ததாக அதைக் கொள்ள முடியாது. ஆயினும் ‘மாதரசன்’ என்ற ஆட்பெயரின் நினைவை மீனவர் வழக்கு காத்து வந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். கல்வெட்டு வடிவத்துக்கு மிக நெருங்கி நிற்பது அதுதான், மத்ரா அன்று.

குடும்பத்தின் பெயரை ஊர் ஏற்பது இயலாததன்று. அதற்கு நல்ல சான்று இந்நகரின் மற்றொரு பெயரே. தாமர்ல சகோதரர்களில் வேங்கடப்பர் வந்தவாசியிலும் ஐயப்பர் பூந்தமல்லியிலும் இருந்து இக்கரையை ஆண்டனர். தந்தை சென்னப்ப நாயக்கர் பெயரில் சென்னப்பட்டணம் அமைந்தது. இதை அக்குடும்பமே எழுதி வைத்திருக்கிறது: ஐயப்பரின் தம்பி அங்கபூபாலர் தெலுங்கில் இயற்றிய ‘உஷா பரிணயம்’, பழவேற்காட்டுக்கும் சாந்தோமுக்கும் இடையே தம் தமையனார் தந்தை பெயரால் ஊர் எழுப்பியதைக் கூறுகிறது. நிலத்தின் மீது அதிகாரம், பெயரிடும் நோக்கம், சமகால எழுத்து ஆகிய மூன்றும் இங்கே சேர்ந்து நிற்கின்றன. மத்ரா குடும்பத்துக்கு இருப்பது ஒலி ஒப்புமை மட்டுமே.

அடையாற்றங்கரையின் மற்ற ஊர்களுக்கும் இந்த அளவுகோல் தேவை. 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்துவிட்ட, நெசவுக்குப் பேர்பெற்ற அனகாபுத்தூர் தன் பெயரிலேயே ‘புது ஊர்’ என்று ஒரு குடியேற்றத்தை அறிவிக்கிறது. யார் குடியேறினார்கள் என்பதை ஒலி ஒப்புமையால் ஊகித்துக் கதை கட்டிவிடக் கூடாது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாமஸ் பர்னார்டு நடத்திய செங்கற்பட்டு ஜாகீர் அளவையின் தமிழ்ச் சுவடிகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. ஊர் ஊராக நிலம், ஏரி, குடிகள், மானியம் ஆகியவற்றைக் கணக்கெடுத்த அந்தச் சுவடிகளையும் கரையோரக் கோயில் கல்வெட்டுகளையும் ஒப்பிட்டு, அடையாற்றங்கரை ஊர்ப்பெயர்களின் தொகுதி ஒன்றை வரலாற்று மாணவர்கள் உருவாக்க முன்வர வேண்டும்.