திருடப்பட்ட அட்டை எண்: வங்கி அட்டைப் பாதுகாப்பின் வரலாறு

வங்கி அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும் எண் பெரும்பாலும் 16 இலக்கங்களைக் கொண்டது. அட்டையை வழங்கிய வங்கி எது, பணம் எந்தக் கணக்கில் கழிக்கப்பட வேண்டும் என்பவற்றைக் காட்டும் அடையாளம் அது. கடைக்காரர், கடைக்காரரின் வங்கி, அட்டை வலையமைப்பு, அட்டை வழங்கிய வங்கி எனப் பலர் கண்ணிலும் படுவதற்காகவே அந்த எண் உருவாக்கப்பட்டது. ஆனால் எண் தெரிந்தாலே அடுத்தவர் கணக்கில் பொருள் வாங்கலாம் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. வீட்டு முகவரியையே வீட்டுச் சாவியாகவும் பயன்படுத்தியது போன்றது இது. அட்டை மோசடிகளுக்கு இந்த முரண்பாடே வேர். இதைச் சரிசெய்ய எழுபது ஆண்டுகளாக நடந்துவரும் முயற்சிகள் இரண்டு கேள்விகளைச் சுற்றியே அமைந்துள்ளன. திருடிய எண்ணைப் பயனற்றதாக்குவது எப்படி? திருட்டு நடந்துவிட்டால் இழப்பை யார் ஏற்பது?

தொடக்கக் காலம்

1950இல் அமெரிக்காவின் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் அட்டை அறிமுகமானது. உணவகங்களில் கணக்கு வைத்துச் சாப்பிட உதவிய அந்த அட்டை காகித அட்டையால் ஆனது. வங்கி வழங்கிய அட்டை பெருமளவில் மக்களிடம் சென்றது 1958 செப்டம்பரில்தான். கலிபோர்னியா மாநிலத்தின் ஃபிரெஸ்னோ நகரில், பேங்க் ஆஃப் அமெரிக்கா சுமார் 60,000 பேருக்கு அவர்கள் கேட்காமலேயே அட்டைகளை அஞ்சலில் அனுப்பியது.

விளைவு வங்கி எதிர்பார்த்தபடி அமையவில்லை. அஞ்சல் பெட்டிகளிலிருந்து அட்டைகள் களவு போயின. அட்டை மோசடி என்ற குற்றமே காவல்துறைக்குப் புதிது. அட்டைத் திட்டம் மாநிலத்தின் பிற நகரங்களுக்கும் பரவியபோது, கடன் பாக்கி 4 விழுக்காடு இருக்கும் என்று வங்கி கணித்திருந்தது. உண்மையில் அது 22 விழுக்காட்டை எட்டியது. இருந்தும் திட்டம் நிலைத்தது. அந்த அட்டையே 1976இல் விசா என்ற பெயரைப் பெற்றது.

மற்ற வங்கிகளும் இதே வழியில் அட்டைகளை அனுப்பத் தொடங்கியதால் அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்டது. கேட்காதவருக்கு அட்டை அனுப்புவதை 1970ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தடை செய்தது. திருடப்பட்ட கடன் அட்டையால் ஏற்படும் இழப்பில் வாடிக்கையாளரின் பொறுப்பு 50 டாலரைத் தாண்டக் கூடாது என்றும் அது வரையறுத்தது. இந்த இரண்டாவது விதியின் தாக்கம் பெரிது. இழப்பின் பெரும்பகுதி வங்கியின் தலையில் விழுந்ததால், பாதுகாப்பான அட்டையை உருவாக்கும் கட்டாயம் வங்கிகளுக்கு வந்தது.

சரிபார்ப்பு எண்ணும் கரித்தாளும்

அட்டை எண்ணின் கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கம். ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் உருவாக்கி, 1960இல் காப்புரிமை பெற்ற முறை அது. எடுத்துக்காட்டாக 125 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டிப்பாக்க வேண்டும். 5 இரட்டித்தால் 10. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 1. அடுத்துள்ள 2 அப்படியே இருக்கும். 1 இரட்டித்தால் 2. மூன்றையும் கூட்டினால் 5. இதைப் பத்தின் மடங்காக்க இன்னும் 5 தேவை. ஆகவே சரிபார்ப்பு இலக்கம் 5, முழு எண் 1255.

எண்ணை எழுதும்போது நேரும் பிழையைக் கண்டுபிடிக்கவே இந்தக் கணக்கு பயன்படும். இதன் விதி யாவரும் அறிந்தது என்பதால் திருடனை இது தடுக்காது.

அக்காலக் கடைகளில் அட்டையின் புடைத்த எழுத்துகளைக் கரித்தாள் வைத்துப் படியெடுப்பார்கள். ரத்தான அட்டைகளின் எண்கள் அச்சிட்ட பட்டியல் கடைக்காரரிடம் இருக்கும்; அதில் விரலை ஓட்டித் தேடிப் பார்ப்பார். பட்டியல் அச்சாகி வருவதற்குள் திருடன் பல கடைகளுக்குப் போய்விடுவான். குப்பையில் எறியப்பட்ட கரித்தாளே எண்ணைத் தரும் புதையலாக இருந்தது.

காந்தப் பட்டையும் சில்லும்

1960களின் தொடக்கத்தில் ஐபிஎம் பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி, காந்த நாடாவை அட்டையில் ஒட்ட வழி தேடினார். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஒட்டிப் பார்க்கலாம் என்று அவர் மனைவி யோசனை சொன்னதாக அந்நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. காந்தப் பட்டையும் தொலைபேசி வழி ஒப்புதலும் சேர்ந்தபோது, அட்டை செல்லுமா என்பதைக் கடையிலிருந்தே உடனுக்குடன் அறிய முடிந்தது.

ஆனால் பட்டையில் உள்ள தகவல் மாறாதது. ஒருமுறை படித்தவர் அதை வேறொரு வெற்று அட்டையில் எழுதிவிடலாம். ஏடிஎம் இயந்திரத்தின் அட்டைத் துளையில் சிறு கருவியைப் பொருத்திப் பட்டையைப் படியெடுக்கும் ஸ்கிம்மிங் மோசடி இப்படித்தான் பிறந்தது.

இதற்கு விடையாக வந்தது சில்லு. பிரான்ஸ் நாட்டின் ரோலான் மொரேனோ 1974இல் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். சில்லுக்குள் ஓர் இரகசியத் திறவுகோல் உள்ளது. அது வெளியே வருவதில்லை. அதைக் கொண்டு ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு புதிய குறியீட்டைச் சில்லு கணக்கிட்டுத் தருகிறது. நேற்றைய குறியீட்டைத் திருடினாலும் இன்று அது செல்லாது. 2006 பிப்ரவரி 14 முதல் பிரிட்டனில் சில்லு அட்டைக்குப் பின் எண் கட்டாயமானது. கடைகளில் போலி அட்டையின் புழக்கம் குறைய, மோசடி இணையத்துக்கு நகர்ந்தது. இணையக் கடையில் சில்லைச் செருக முடியாது. அங்கே வெறும் எண்ணே போதுமானதாக இருந்தது. அட்டையின் பின்புறம் அச்சிடப்படும் மூன்று இலக்கச் சிவிவி எண் இந்த இடைவெளியை ஓரளவு அடைத்தது. அது காந்தப் பட்டையில் இருப்பதில்லை. பரிமாற்றம் முடிந்தபின் வணிகர்கள் அதைச் சேமிக்கவும் கூடாது.

பெருந்தரவுத் திருட்டுகள்

ஒவ்வோர் அட்டையாகத் திருடுவதைவிட, பல இலட்சம் எண்கள் குவிந்துள்ள கணினியை உடைப்பது திருடர்களுக்கு இலாபமாயிற்று. 2007இல் வெளியான டிஜேஎக்ஸ் நிறுவனத் திருட்டில் 4.5 கோடிக்கும் மேற்பட்ட அட்டை எண்கள் பறிபோயின. 2009இல் வெளியான ஹார்ட்லேண்ட் நிறுவனத் திருட்டில் சுமார் 13 கோடி எண்கள் சிக்கின. இவற்றில் தொடர்புடைய ஆல்பர்ட் கொன்சாலஸுக்கு 2010இல் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2013 இறுதியில் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி அட்டைகளின் தகவல் திருடப்பட்டது. குளிர்சாதன வேலைகளைச் செய்துவந்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல் வழியே திருடர்கள் உள்ளே நுழைந்தனர்.

இவற்றில் எந்த வாடிக்கையாளரும் அட்டையைத் தொலைக்கவில்லை. எண்ணை யாரிடமும் சொல்லவும் இல்லை. கவனமாக இருப்பவரின் எண்ணும் களவு போகும் என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்தின.

இந்தியாவில்

இந்தியாவில் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா 1980இல் கடன் அட்டையை அறிமுகப்படுத்தியது. 1987இல் மும்பையில் எச்எஸ்பிசி வங்கி முதல் ஏடிஎம் இயந்திரத்தை நிறுவியது. இணைய வணிகம் வளரத் தொடங்கிய காலத்தில் ரிசர்வ் வங்கி ஒரு முக்கிய முடிவை எடுத்தது. 2009 ஆகஸ்ட் 1 முதல், அட்டையை நேரில் காட்டாத இணையப் பரிமாற்றங்களுக்கு, அட்டையில் இல்லாத கூடுதல் தகவல் ஒன்றைக் கேட்டுச் சரிபார்ப்பது கட்டாயமானது. முதலில் தனிக் கடவுச்சொல்லாக இருந்த இது, பின்னர் கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணாகப் பரவியது. 2013 டிசம்பர் முதல் கடைகளில் பற்று அட்டைக்குப் பின் எண் தேவைப்பட்டது.

2016 அக்டோபரில் பெரிய சோதனை வந்தது. ஏடிஎம் சேவை வழங்கிய ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸ் நிறுவனத்தின் கணினிகளில் தீநிரல் புகுந்திருந்தது. சுமார் 32 இலட்சம் பற்று அட்டைகளின் தகவல் கசிந்திருக்கலாம் என்ற நிலையில், வங்கிகள் அட்டைகளை முடக்கிப் புதிய அட்டைகளை வழங்கின. 19 வங்கிகளைச் சேர்ந்த 641 பேர் சுமார் 1.3 கோடி ரூபாய் இழந்ததாக இந்திய தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் அப்போது தெரிவித்தது. காந்தப் பட்டை மட்டும் கொண்ட அட்டைகளை 2018 இறுதிக்குள் சில்லு அட்டைகளாக மாற்ற வேண்டும் என ரிசர்வ் வங்கி கெடு விதித்திருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் வங்கி தாக்கப்பட்டது. போலி அட்டைகளைக் கொண்டு 28 நாடுகளில் பணம் எடுக்கப்பட்டது. மொத்த இழப்பு சுமார் 94 கோடி ரூபாய்.

இழப்பு யாருக்கு?

2017 ஜூலை 6 அன்று வெளியான ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை இக்கேள்விக்கு விடையளித்தது. அதன்படி தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு முழுப் பாதுகாப்பு உண்டு. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், கணக்கின் வகையைப் பொறுத்து ஒரு வரம்புவரை இழப்பை ஏற்க வேண்டும். அதற்குப் பிறகு வங்கியின் கொள்கையே முடிவு செய்யும்.

ஓடிபியையோ பின் எண்ணையோ வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால், புகார் அளிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு முழுவதும் அவருடையது. புகாருக்குப் பின் நடக்கும் இழப்பு வங்கியுடையது. வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பும் வங்கிக்கே உரியது.

எண்ணை மறைத்தல்

இந்தியாவின் ஓடிபி விதி வெளிநாட்டு இணையக் கடைகளைக் கட்டுப்படுத்தவில்லை. அங்கே திருடிய எண் செல்லுபடியாகக்கூடும். இந்த வழியை அடைக்க, 2020 அக்டோபர் 1 முதல் புதிதாக வழங்கப்படும் அட்டைகள் உள்நாட்டு ஏடிஎம்களிலும் கடைகளிலும் மட்டுமே இயங்கும் நிலையில் வழங்கப்பட்டன. இணையப் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு ஆகியவற்றை வாடிக்கையாளர் வேண்டும்போது திறக்கலாம், வேண்டாதபோது மூடலாம்.

2022 அக்டோபர் 1 முதல், அட்டை வழங்கிய வங்கியையும் அட்டை வலையமைப்பையும் தவிர வேறு யாரும் முழு அட்டை எண்ணைச் சேமிக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இணையக் கடைகள் அதற்குப் பதிலாக டோக்கன் எனப்படும் மாற்று எண்ணை வைத்துக்கொள்கின்றன. ஒரு கடைக்கு உருவாக்கிய டோக்கன் இன்னொரு கடையில் செல்லாது. திருடிச் செல்பவனுக்கு அதனால் பயனில்லை.

அடையாளத் திருட்டு

அட்டை எண் போனால் வேறு எண் வாங்கலாம். பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், பான் எண் ஆகியவை போனால் அப்படி எளிதில் மாற்றிவிட முடியாது. பிறர் அடையாளத்தில் கடன் வாங்குவதும், அவருடைய கைபேசி எண்ணுக்கு வேறு சிம் அட்டை பெற்று ஓடிபியைத் தன்பால் திருப்புவதும் அடையாளத் திருட்டைச் சார்ந்த குற்றங்கள். அமெரிக்கா 1998இல் இதைத் தனிக் குற்றமாக்கியது. இந்தியாவில் 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத் திருத்தத்தின் 66சி பிரிவு, மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

ஒருவர் பெயரில் அவர் அறியாமல் கடன் எடுக்கப்பட்டுள்ளதா என்பதைக் கடன் அறிக்கை காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக வழங்க வேண்டும் என்ற விதி 2017 முதல் நடைமுறையில் உள்ளது. தாம் வாங்காத கடன் அதில் தென்பட்டால், அந்நிறுவனத்துக்கும் கடன் கொடுத்த வங்கிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

எண் திருடு போனால் செய்ய வேண்டியவை

முதலில் வங்கியின் செயலி வழியாகவோ தொலைபேசி வழியாகவோ அட்டையை முடக்க வேண்டும். வங்கியின் எண்ணை அட்டையின் பின்புறத்திலிருந்தோ வங்கியின் இணையதளத்திலிருந்தோ எடுப்பது நல்லது. தேடுபொறியில் போலி உதவி எண்கள் இருப்பதுண்டு. அடுத்து, பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். 2021இல் 155260 என்ற எண்ணில் தொடங்கி, பின்னர் 1930 ஆக மாறிய தேசிய உதவி எண் இது. பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் அதை நிறுத்தி வைக்க முயல்வதே இதன் நோக்கம். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். புகார் எண், தேதி, நேரம் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

சில்லும் ஓடிபியும் டோக்கனும் சேர்ந்து வெறும் எண்ணின் மதிப்பைக் குறைத்துவிட்டன. அதனால் திருடர்கள் இப்போது எண்ணை விட்டுவிட்டு, எண்ணுக்கு உரியவரையே குறிவைக்கிறார்கள். வங்கி அதிகாரி போலப் பேசியும், மின் இணைப்பு துண்டிக்கப்படும் என்று அச்சுறுத்தியும் ஓடிபியை அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள். ஏமாந்தவர்களுள் படித்தவர்களும் பலர் உண்டு. வீட்டாருக்குத் தெரிந்தால் திட்டுவார்களே என்ற கூச்சத்தில் ஓரிரு நாள் மறைப்பதுதான் இழப்பைப் பெருக்குகிறது. ஓடிபியைத் தாமே சொல்லிவிட்டவருக்கும், புகார் அளித்த நொடிக்குப் பின் நேரும் இழப்பு வங்கியின் பொறுப்பே.