வெளிநாடு போறப்ப பையில் என்ன மாத்திரை வைக்கணும்? – ஒரு பொட்டலத்தின் வரலாறு (நீண்ட த்ரெட்)

1/ போன மாசம் ஓபி-ல ஒரு அண்ணன் வந்தார். ரெண்டு வருஷ ஒப்பந்தத்துல வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போறார். "டாக்டர், வயித்தால போனா டக்குனு நிக்கிற மாதிரி ஸ்ட்ராங்கா ஒரு ஆன்டிபயாடிக் எழுதிக் குடுங்க"ன்னு கேட்டார்.

2/ ஏன்னு கேட்டேன். போன தடவை போன முதல் வாரமே பேதி. "தண்ணி குடிச்சா இன்னும் போகும்னு ரெண்டு நாள் தண்ணியே குடிக்கல டாக்டர். மூணாம் நாள் சைட்லயே மயங்கி விழுந்துட்டேன்." அந்த வெயில்ல, அந்த உடம்போட. சம்பளமும் போச்சு. அவரை விழ வச்சது கிருமி பாதி, தண்ணி குடிக்காதது பாதி.

3/ அவரைக் குறை சொல்ல முடியாது. "குடலுக்கு ஓய்வு கொடு, வாய் வழியா எதுவும் தராதே"ன்னு மருத்துவர்களே ரொம்ப காலம் நம்பினாங்க. அது எப்படி மாறுச்சுன்னு பார்ப்போம்.

4/ பயண பேதிக்கு ஊருக்கு ஒரு கேலிப்பெயர் உண்டு. மெக்சிகோ போற அமெரிக்கர்கள் 'மாண்டசூமாவின் பழி'ன்னு சொல்வாங்க. ஸ்பானியப் படையெடுப்பின்போது, 1520-ல் இறந்த அஸ்டெக் பேரரசர் அவர். நம்மூருக்கு வர்ற வெள்ளைக்காரர்கள் வச்ச பேர் 'டெல்லி பெல்லி'. 1979-ல் மெக்சிகோ போன அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், விருந்துப் பேச்சுல இந்தப் 'பழி'யைச் சொல்லி ஜோக் அடிக்க, அது ராஜதந்திர சங்கடமாவே ஆயிடுச்சு.

5/ இதைக் கேலியா விடாம ஆராய்ச்சியா எடுத்தவர் நியூயார்க் மருத்துவர் பி.எச். கீன். 1950-களில் மெக்சிகோ போய் வந்த அமெரிக்கர்களைக் கணக்கெடுத்தார். ஏறக்குறைய மூன்றில் ஒருத்தருக்கு பேதி. ஆனா மலப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிஞ்ச கிருமி எதுவும் சிக்கல. தண்ணி மாறினதால, காரத்தால, கிளைமேட்டாலன்னு ஆளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க.

6/ விடையோட ஒரு முனை ஏற்கெனவே கல்கத்தாவுல இருந்துச்சு. சம்புநாத் தே, முயல் குடலை வச்சு, காலரா கிருமி ஒரு நச்சைச் சுரந்துதான் குடலைத் தண்ணி கொட்ட வைக்குதுன்னு 1959-ல் நிரூபிச்சார். அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே, சில ஈ.கோலை கிருமிகளும் முயல் குடல்ல அதே மாதிரி நீர் சுரக்க வைக்கறதைக் காட்டியிருந்தார்.

7/ இன்னொரு முனை ஏடன். அங்கே போன பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வந்த பேதியில் ஒரே வகை ஈ.கோலை கிடைச்சுது. 1970-ல் லான்செட் இதழ்ல வெளியாச்சு. நச்சு சுரக்கும் இந்த ஈ.கோலைதான் பயண பேதிக்கு முக்கியக் காரணம்னு பின்னாடி உறுதியாச்சு. அதோட நச்சுகள்ல ஒண்ணு காலரா நச்சுக்கு நெருங்கின சொந்தம்.

8/ அப்போ காலராவுக்கு எது மருந்தோ, அதுவே இதுக்கும் அடிப்படை மருந்து. 1960-ல் ராபர்ட் கிரேன், குடல் சர்க்கரையை உறிஞ்சும்போது உப்பையும் சேர்த்தே இழுக்குதுன்னு சொன்னார். உப்பு போனா தண்ணியும் பின்னாடியே போகும். காலரா நச்சு இந்தக் கதவை மூடறதில்ல. 1968-ல் டாக்காவுல நாலின், கேஷ் இருவரும் நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்து இதை நிரூபிச்சாங்க.

9/ 1971. வங்கதேசப் போர். எல்லையோர போங்காவ்ல அகதிகள் கூட்டம், காலரா, ட்ரிப்ஸ் பாட்டில் தட்டுப்பாடு. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த தண்ணியைக் குழாய் வச்ச டிரம்ல நிரப்பி, கூட வந்த சொந்தக்காரங்க கையில டம்ளரைக் கொடுத்தார். அதுக்கு 'ஓரல் சலைன்'னு பேர். சலைன்னா மக்களுக்கு ஒரு மரியாதை இருந்துச்சுல்ல!

10/ 30 சதவீதம் வரை போயிருந்த இறப்பு, அவர் முகாம்ல 3.6 சதவீதமா இறங்குச்சு. 2022-ல் காலமானார். அடுத்த வருஷம் பத்ம விபூஷண் அறிவிச்சாங்க.

11/ சரி, ஆன்டிபயாடிக்? தினமும் முன்கூட்டியே போட்டா பேதி குறையும்னு கீன் காலத்துலயே பார்த்தாங்க. ஆனாலும் 1985-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டின நிபுணர் மாநாடு, 'எல்லாருக்கும் வேண்டாம்'னுச்சு. பின்லாந்துப் பயணிகள்கிட்ட நடந்த ஆய்வு (2015): பேதியும் வராம, ஆன்டிபயாடிக்கும் எடுக்காதவங்கள்ல 11% பேர் குடல்ல மருந்துக்கு அடங்காத கிருமி குடியேறுச்சு. பேதி மட்டும் வந்தவங்கள்ல 21%. பேதிக்கு ஆன்டிபயாடிக் எடுத்தவங்கள்ல 37%. அந்தக் கிருமியோடதான் வீட்டுக்குத் திரும்பி வர்றோம்.

12/ பையில் வைக்க வேண்டியது:
– ஓஆர்எஸ் பொட்டலம், ஆளுக்கு நாலஞ்சு. பெரிய பொட்டலம்னா முழுசா 1 லிட்டர் சுத்தமான தண்ணியில். பாதி பாதியா கலக்காதீங்க. 24 மணி நேரத்துக்குள்ள குடிச்சிடணும்.
– பொட்டலம் இல்லையா? 1 லிட்டருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலை தட்டி அளக்கணும்.
– அட்டைப்பெட்டி ஜூஸும் கூல்டிரிங்க்ஸும் ஓஆர்எஸ் ஆகாது. சர்க்கரை அதிகமானா பேதி கூடும்.
– லோபரமைடு: பெரியவங்களுக்கு, பஸ், விமானப் பயணம் மாதிரி அவசரத்துக்கு மட்டும். காய்ச்சலோ ரத்தமோ இருந்தா தொடவே கூடாது. குழந்தைகளுக்கு வேண்டாம்.

13/ தடுக்க: சூடா வந்ததைச் சூடா சாப்பிடுங்க. ஐஸ், வெட்டி வச்ச பழம், பச்சை சட்னி தவிர்க்கலாம். சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்க. இத்தனை செஞ்சும் வரலாம். சமையல்காரர் கை நம்ம கையில இல்லையே.

14/ உடனே டாக்டரைப் பார்க்க: மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், எதைக் குடிச்சாலும் வாந்தி, சிறுநீர் குறைவு, தலைசுற்றல். ஆன்டிபயாடிக் தேவையான பேதியும் உண்டு. அதை டாக்டர் முடிவு பண்ணட்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், கிட்னி, இதய நோயாளிகள் காத்திருக்கவே வேண்டாம்.

15/ அந்த அண்ணன்கிட்ட பத்து பொட்டலம் கொடுத்தேன். "இந்த உப்புத்தண்ணிதானா டாக்டர்?"னு முகம் வாடிடுச்சு. போங்காவ் கதையைச் சொன்னேன். பின்னாடி வரிசையில் நின்னவங்களும் கேட்டாங்க. போகும்போது, "அப்ப, போகப் போகக் குடிக்கணும்"னார்.

அதேதான் அண்ணே. போகப் போகக் குடிக்கணும்.