எண்ணெய்யின் நாடி காட்டும் முள்

மோட்டார் வண்டியின் இயந்திரத்துள் உலோகம் உலோகத்தைத் தொடாமலே சுழலுகின்றது என்று கூறினால் பலர் வியப்படைவர். சுழல்தண்டுக்கும் அதனைத் தாங்கும் போதிகைக்கும் இடையே மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உளது. சுமை முழுவதையும் அப்படலமே தாங்குகின்றது. அது அறுந்துபடின் சிறிது நேரத்துள் போதிகை தேய்ந்து உருகி, இயந்திரம் இறுகிப்போகும். கண்ணுக்குப் புலனாகாத இப்படலத்தின் நலத்தை வண்டியோட்டி எங்ஙனம் அறிவது? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு மோட்டார் வண்டி தோன்றுவதற்கு முன்னரே தொடங்கிவிட்டது.

பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் யூஜேன் பூர்தோன் நீராவி இயந்திரங்களை அமைப்பதில் ஈடுபட்டிருந்தார். சுருளாக வளைத்த குழாய் ஒன்று தவறுதலாக நசுங்கிப்போயிற்று. அதனைப் பழைய உருவுக்குக் கொணரும் பொருட்டு ஒரு முனையை அடைத்து, உள்ளே நீரை அமுக்கத்துடன் செலுத்தினார். நசுங்கிய குழாய் உப்பியபோது சுருளும் மெல்ல விரிந்தது. அமுக்கம் கூடினால் குழாய் நிமிரும், குறைந்தால் வளையும் என்பதை அவர் கண்டார். அக்குழாயின் முனையில் ஒரு முள்ளை இணைத்தால் அமுக்கத்தை எண்ணாக வாசிக்கலாமன்றோ? 1849ஆம் ஆண்டில் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். கொதிகலன்கள் வெடித்து உயிர்கள் மாண்ட அக்காலத்தில் இச்சிறு மானி பெரும் காவலாயிற்று.

எண்ணெய்க்கும் அமுக்கத்துக்குமுள்ள தொடர்பு இங்கிலாந்தில் வெளிப்பட்டது. இயந்திரப் பொறியியலாளர் நிறுவனத்தின் வேண்டுகோளின்படி பீச்சம் டவர் என்பார் புகையிரத அச்சின் போதிகைகளை ஆராய்ந்து, 1883இல் தமது முதல் அறிக்கையை அளித்தார். போதிகையின் மேற்புறத்தில் எண்ணெய் விடுவதற்காகத் துளையொன்று இடப்பட்டிருந்தது. அச்சுச் சுழன்றபோது அத்துளை வழியே எண்ணெய் உள்ளே இறங்குவதற்கு மாறாக வெளியே பொங்கியது. துளையை மரக்கட்டையால் அடைத்தார். கட்டை வெளியே தள்ளப்பட்டது. பின்னர் அவ்விடத்தில் அமுக்கமானி ஒன்றைப் பொருத்தினார். சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தல் வரை காட்டக்கூடிய அம்மானியின் எல்லையையும் அமுக்கம் கடந்தது. போதிகை மீதிருந்த சராசரிச் சுமையோ ஏறத்தாழ 100 இறாத்தலே. சுழலும் அச்சு தானே எண்ணெய்யை இடுக்கினுள் இழுத்து, அதன்மீது மிதக்கின்றது என்பது தெளிவாயிற்று. 1886இல் ஒஸ்போர்ன் ரெயினோல்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். எண்ணெய்யின் பாகுநிலையே படலத்தின் வலிமைக்கு அடிப்படை என்பதும், வெப்பம் ஏற ஏற அப்பாகுநிலை குன்றும் என்பதும் அதனால் விளங்கின.

ஆகவே அமுக்கத்தை மட்டும் பார்ப்பது போதாது. வெப்பத்தையும் உடன் பார்த்தல் வேண்டும். இவ்வுண்மையை விளையாட்டு வண்டிகளின் கருவிப்பலகையில் தெளிவாகக் காணலாம். 1962இல் வெளிவந்த எம்.ஜி.பி. வண்டியின் தொடக்ககால அமைப்பில் ஒரே வட்ட முகப்பினுள் இரண்டு முட்கள் இருந்தன. ஒன்று எண்ணெய் அமுக்கத்தையும், மற்றையது இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலையையும் காட்டின. எண்ணெய்யே மெல்லிய குழாய் வழியாக முகப்பு வரை வந்து முதல் முள்ளை நகர்த்தியது. சிறு குமிழொன்றில் அடைக்கப்பட்ட ஈதரின் ஆவியமுக்கம் இரண்டாவது முள்ளை நகர்த்தியது. இரண்டும் பூர்தோனின் வளைகுழாயே!

1963இல் பிராங்க்பேட் கண்காட்சியில் அறிமுகமாகி, பின்னர் போர்ஷே 911 எனப் பெயர் பெற்ற வண்டிக்குக் குளிர்விக்கும் நீரே இல்லை. காற்றும் எண்ணெய்யுமே அதன் வெப்பத்தை அகற்றின. அதனால் எண்ணெய்யின் வெப்பநிலை, அமுக்கம் ஆகிய இரண்டையும் காட்டும் மானி ஓட்டுநரின் கண்முன்னே வைக்கப்பட்டது.

அதே காலத்தில் சாதாரண வண்டிகள் பலவற்றில் மானி மறைந்து சிவப்பு விளக்கு இடம்பெற்றது. விளக்கு மலிவானது, ஆனால் அமுக்கம் ஒருசில இறாத்தலாக வீழ்ந்த பின்னரே அது எரியும். முள்ளோ சிறுகச் சிறுக நேரும் தளர்ச்சியை முற்கூட்டியே உணர்த்தும்.

எனினும் முள்ளை வாசிக்கக் கற்றல் வேண்டும். குளிர்ந்த இயந்திரத்தைத் தொடக்கியவுடன் முள் உயரே நிற்பது நலத்தின் அடையாளமன்று. எண்ணெய் தடித்திருப்பதே காரணம். அவ்வேளையில் விரைந்து ஓட்டுதல் தகாது. எம்.ஜி.பி. வண்டியில் இயந்திரம் சூடேறி ஓடும்போது 50 முதல் 80 இறாத்தலும், நின்ற நிலையில் மெல்லச் சுழலும்போது 10 முதல் 25 இறாத்தலும் இயல்பான அளவுகள். வெப்பம் மிகுந்து அமுக்கம் குறைந்தால் எண்ணெய் இளகிவிட்டது எனக் கொள்ளலாம். வெப்பம் இயல்பாயிருக்க அமுக்கம் நாளடைவில் தாழ்ந்துவரின் போதிகையோ பம்பியோ தேய்ந்திருக்கலாம். வளைவுகளில் மட்டும் முள் சரிந்தால் எண்ணெய் குறைந்து, பம்பியின் வாய்க்கு எட்டாமல் ஒதுங்குகின்றது எனலாம். முள் திடீரென வீழ்ந்தாலோ வண்டியை ஒதுக்கி இயந்திரத்தை உடனே நிறுத்துவதே அறிவுடைமை. அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்ப்போம் என்னும் எண்ணம் இயந்திரத்தின் விலையாகும்.

அரை நூற்றாண்டைக் கடந்த வண்டிகளில் மானியும் முதுமையடையும். வளைகுழாய் தளர்ந்து பொய் கூறலாம். எனவே வேறொரு மானியைப் பொருத்தி ஒப்புநோக்குதல் நன்று. மானிக்குச் செல்லும் குழாய் வெடித்தால் காக்க வந்த வழியாலேயே எண்ணெய் முழுவதும் வெளியேறிவிடும். அதனையும் காலந்தோறும் மாற்றுதல் வேண்டும்.

கொதிகலனைக் காக்கப் பிறந்த குழாயும், தள்ளப்பட்ட மரக்கட்டை உணர்த்திய உண்மையும் ஒன்றுசேர்ந்து ஓட்டுநரின் முன் ஒரு சிறு முள்ளாய் நிற்கின்றன. மருத்துவன் கையிற் பிடிக்கும் நாடி போன்றது அம்முள். நாடி நோயைத் தீர்ப்பதில்லை; அறிவிக்கின்றது. அறிவித்ததை மதித்து உரிய வேளையில் நிறுத்துபவனிடமே பழைய இயந்திரம் நெடுநாள் வாழும்.